பிடிச்சுப் பெட்டியில் வச்ச தேனீக் கூட்டம் ஐந்தாம் நாள் போயிடுச்சு. உங்க பெட்டியில் எப்படி?

தேன்தட்டு:
அடுக்குமாடிக்குக் கீழே இருக்கிற வெற்றுத்தளத்துக்குப் பக்கத்துப் போகன்வில்லாவில் இளநீர் அளவுக்குத் தொங்கின கூட்டம். பொந்தில் அடுக்கடுக்கா அடை கட்டுற அடுக்குத் தேனீதான், அங்கே அடை எதுவும் கட்டலை. தண்ணியைப் புகை மாதிரி தெளிச்சு, பெட்டியைக் கீழே பிடிச்சு ஒரே உலுக்கல். ராணி உள்ளே விழுந்ததும் வாசலில் சில தேனீக்கள் வயிற்றைத் தூக்கிச் சிறகடிச்சதுங்க. மிச்சமெல்லாம் தானா ஏறிடுச்சு. இருட்டினதும் சமூகத் தோட்டத்துக்கு மாற்றியாச்சு. வாசலில் ராணித் தகடு, வேலைக்காரத் தேனீ நுழையும், ராணி நுழையாது; இடுக்கு 4 மி.மீ. மூன்றாம் நாள் காலை மொத்தமும் வெளியே பாய்ஞ்சு பெலிம்பிங் மரத்தில் உட்கார்ந்துச்சு. ராணி வரலைன்னு தெரிஞ்சு அரை மணி நேரத்தில் திரும்பிடுச்சு. மறுநாளும் அதே. ஐந்தாம் நாள் தகட்டை எடுத்ததும் போயே போச்சு. அடை கட்ட உள்ளே வச்ச மரச் சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை அடை, ஒரு முட்டைகூட இல்லை. அந்த வெற்று அடைதான் கண்ணிலேயே நிக்குது.

செரைப்புல்:
கன்னி ராணியா இருந்திருக்கும் அண்ணே. தாய்க்கூட்டிலிருந்து முதலில் பிரிவது பழைய ராணி. அடையில் அறைச் சுவர் கொஞ்சம் எழும்பினாலே அது முட்டை வைக்கத் தொடங்கிடும். அதுக்கப்புறம் பிரியும் கூட்டங்களில் கன்னி ராணிதான். அது வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு சேர்ந்துட்டு வரணும். தகடு போட்டால் அதுக்குச் சிறை. ஒரு பெட்டியில் தகடு மாதக்கணக்கில் அப்படியே இருந்துச்சு. திறந்தால் மூடின அறை ஒவ்வொன்றும் தொப்பி மாதிரிப் புடைச்சு, நடுவில் ஊசித்துளை. அத்தனையும் ஆண். இணைசேராத ராணிக்குக் கருவுறாத முட்டைதான் வைக்க முடியும். வேலைக்காரத் தேனீ ஒன்றுகூடப் புதுசாப் பிறக்காமல் கூட்டம் தேய்ஞ்சே போச்சு.

பொந்துவாசி:
அவ்வளவு உறுதியாச் சொல்லாதீங்க. இளநீர் அளவுன்னா முதல் பிரிவாவும் இருக்கலாம், ஒரு குடியே இடம்பெயர்ந்ததாவும் இருக்கலாம். கிளம்பணும்னு முடிவெடுத்த கூட்டத்தில் பழைய ராணியும் முட்டையை நிறுத்திடும். மேற்கு வெயில், புதுச் சாய வாசனை, பசி, இதில் ஒன்று போதும். கூட்டத்தைக் கட்டிப்போடுறது தகடு இல்லை, அடையில் வளரும் தேனீப் புழு. வேறு பெட்டியிலிருந்து மூடாத புழு உள்ள அடை ஒன்றை, தேனீக்களை உதறிட்டு, முதல் மாலையே நடுச் சட்டத்தில் வாழைநாரால் கட்டுங்க. சர்க்கரையும் தண்ணியும் சம அளவு கலந்த பாகு 200 மில்லி, இருட்டினபிறகு பெட்டிக்குள்ளேயே வைங்க. பகலில் சிந்தினால் பக்கத்துக் கூட்டம் கொள்ளைக்கு வந்துடும்.

இன்னொன்று. துரத்திப் பிடிக்கிறதைவிட வரவழைக்கிறது மேல். காலிப் பெட்டி வச்சுக் காத்திருக்கணும். ஐரோப்பியத் தேனீக்குச் சொல்ற 40 லிட்டர் பெட்டி நம்ம தேனீக்கு ரொம்பப் பெரிசு. 10 முதல் 15 லிட்டர் போதும். வாசல் இரண்டு செ.மீ. துளை. உட்சுவரில் பழைய மெழுகை உருக்கித் தேய்க்கணும். முழு அடையை வைக்காதீங்க, நம்ம ஊர்ப் புழுக்கத்தில் மெழுகுப் பூச்சி அரிச்சுடும். செரை (எலுமிச்சைப்புல்) எண்ணெய் பஞ்சில் இரண்டே சொட்டு. வாசலில் சிறகடிக்கும்போது அதுங்க விடுற வாசனையில் இருக்கும் சிட்ரால்ங்கிற வாசனைப்பொருள்தான் செரையிலும் இருக்கு. கூடினால் நெடி விரட்டும். சட்டங்களுக்கு நடுவிலிருந்து நடு 32 மி.மீ.; அகலம் கூடினால் குறுக்கே அடை கட்டிடும். புது இடம் தேடி வர்ற வேவுத் தேனீ பத்து வந்த இடத்தில் மறுநாள் ஐம்பது வந்தால் பெட்டியைத் தொடவே தொடாதீங்க. உள்ளே சுவரெல்லாம் நடந்து இடத்தை அளந்துக்கிட்டிருக்கும்.

ஒற்றை அடை பெரிசாத் திறந்தவெளியில் தொங்கினால் அது மலைத்தேனீ. கிட்டேயே போகாதீங்க. மெல்லிய குச்சியில் கையளவு அடைன்னா கொம்புத் தேனீ, பெட்டியில் தங்காது.

பாண்டான்:
புழு அடை கொடுத்தும் ஓடின கூட்டம் உண்டு, பொந்துவாசி. எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டிக்கால் நாலும் கிண்ணத்தில்தான் நின்னுச்சு. ஒரே ஒரு பாண்டான் இலை பக்கவாட்டில் உரசிக்கிட்டிருந்துச்சு. அதைப் பாலமாக்கி முசுறு எறும்பு ஏறி, விடியும்போது புழுவை வரிசையாத் தூக்கிட்டுப் போய்க்கிட்டிருந்துச்சு. மதியத்துக்குள்ள பெட்டி காலி. பெட்டியைச் சுற்றி ஒரு முழத்துக்கு இலை படக்கூடாது. கிண்ணத்தில் தண்ணி வேண்டாம், கொசு முட்டையிடும். சமையல் எண்ணெய் ஊற்றி, மழை விழாமல் மேலே தகரம் கவிழ்த்துங்க.

தேன்தட்டு:
பெட்டி மேற்கே பார்த்துத்தான் இருந்துச்சு. ஆனா நாலைந்து அறையில் மகரந்தம் இருக்கு. கன்னி ராணின்னா மகரந்தம் வருமா?

செரைப்புல்:
கொஞ்சம் வரும் அண்ணே, அதை வச்சு முடிவு கட்டாதீங்க. அடுத்த கூட்டத்துக்கு மூன்றாம் நாள் சட்டத்தைத் தூக்கி, வெயில் உங்க தோளுக்கு மேலாக அறை அடியில் விழுற மாதிரி சாய்ச்சுப் பாருங்க. முட்டை இருந்தால் தகடு இருக்கட்டும். இல்லைன்னா அன்றைக்கே எடுத்துட்டு, புழு அடை கட்டிடுங்க.