பேரன் உதட்டுக்குள் புகையிலை வைக்கிறான், பள்ளியில் டி.சி. வாங்கச் சொல்றாங்க

பள்ளத்தூர் ஆயா:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 67. மகள் வயித்துப் பேரன் என்கிட்டதான் வளர்றான், ஒன்பதாம் வகுப்பு. மகளும் மாப்பிள்ளையும் சிங்கப்பூர். எங்க வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வீட்டுக்காரர் காலமாகி ஒரு வருஷம் ஆகலை, இப்ப அத்தனை பெரிய வீட்டில் நாங்க ரெண்டு பேர்தான். பங்காளிகள் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்தால் பூட்டுத் திறப்பாங்க.

போன வாரம் மூணாம் கட்டு முற்றத்தில் வத்தல் காயப்போடப் போனேன். குதிருக்குப் பின்னால சின்னச் சின்ன வெள்ளைப் பை, டீத்தூள் பை மாதிரி, ஊறிப்போய்க் கிடந்தது. வேலைக்கு வர்ற பொண்ணு பார்த்துட்டு, "ஆச்சி, இது புகையிலை, உதட்டுக்கடியில வைக்கிறது"ன்னா. மறுநாளே பள்ளியிலிருந்து கூப்பிட்டாங்க. புத்தகப் பையிலும் இருந்ததாம். மத்த பிள்ளைகளும் கெட்டுப்போகும், டி.சி. வாங்கி விடுதி இருக்கிற பள்ளியில் சேருங்கங்கிறாங்க.

கேட்டால் வாயே திறக்க மாட்டேங்கிறான். ஆறு மாசமா ராத்திரி தூக்கம் கிடையாது, முகப்பில் போய் உட்கார்ந்திருப்பான். பந்து விளையாடப் போறதையும் விட்டுட்டான். நான்தான் வயசுக் கோளாறுன்னு இருந்துட்டேன். மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா அடிக்கிறதுக்குன்னே விமானம் ஏறுவார். டாக்டர்கிட்ட போனா ஊரில் பேச்சாகுமோன்னும் பயமா இருக்கு. விடுதிக்கு அனுப்பிடவா?

தேவகோட்டை வாத்தியார்:
ஆச்சி, அனுப்பாதீங்க. 31 வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவன் சொல்கிறேன். இதே மாதிரி இரண்டு பையன்களுக்கு டி.சி. கொடுத்த கூட்டத்தில் நானும் தலையாட்டினேன். ஒருவன் அதோடு படிப்பை விட்டான். இன்றைக்கும் பேருந்து நிலையத்தில் பார்த்தால் கும்பிடுகிறான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பையனைத் துரத்தச் சொல்கிறார்கள், விற்றது யார் என்று ஒருத்தர் கேட்டாரா? 2003ஆம் வருஷத்துச் சட்டப்படி பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது. 18 வயசுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு எங்கேயுமே விற்கக் கூடாது. 2015 சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவில், பிள்ளைக்குப் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். தலைமையாசிரியரிடம் போய் முதலில் கடையைப் பற்றிப் பேசுங்கள். அப்புறம் பையனைப் பற்றிப் பேசலாம்.

சிவகங்கை செவிலி:
ஆச்சிம்மா, நான் மனநலப் பிரிவில் வேலை பார்த்தவள். நீங்க எழுதினதில் புகையிலையை விட எனக்கு உறுத்தினது அந்த ஆறு மாசத் தூக்கம்தான். தூக்கம் போச்சு, விளையாட்டு போச்சு, அப்புறம்தான் புகையிலை வந்துச்சான்னு பாருங்க. அப்படின்னா அவனே தனக்கு ஏதோ மருந்து தேடியிருக்கான். பிடுங்கி எறிஞ்சா மட்டும் ஆகாது.

விடும்போது முதல் ரெண்டு மூணு நாள் எரிஞ்சு விழுவான், படிப்பில் மனசு நிக்காது. சில வாரத்தில் தணியும். அதைத் திமிர்னு எடுத்துக்காதீங்க. உதட்டின் உள்பக்கம் வெள்ளையாத் தடிச்சிருந்தா பல் டாக்டர்கிட்ட காட்டணும்.

"சாகணும்னு தோணுதாப்பா?"ன்னு நேராவே கேளுங்க. கேட்கிறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. 14416 டெலிமானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், ராப்பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம், நீங்களும் பேசலாம். பிள்ளைகளுக்கு 1098 இருக்கு. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் வரலாம். சிகிச்சை விவரத்தை நாங்க ஊருக்குச் சொல்ல மாட்டோம், 2017 மனநலச் சட்டமே அப்படித்தான்.

புதுவயல் பையன்:
ஆச்சி, நானும் பத்தாவதுல இதே கேஸ். அப்பா பெல்ட்டால அடிச்சாரு, இன்னும் ஒளிச்சு வச்சேன். சித்தப்பாதான் தினம் சாயங்காலம் அரிசி ஆலைக்குக் கூட்டிட்டுப் போய் மூட்டை எண்ணச் சொல்வாரு. ஒரு மாசம் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. அப்புறம் நானாவே சொன்னேன். நடுவுல ரெண்டு தடவை திரும்ப ஆரம்பிச்சேன், அப்பவும் கூட்டிட்டுப் போறதை நிறுத்தலை. உங்க பேரனுக்கும் அந்த மாதிரி ஒரு ஆள் வேணும் ஆச்சி.

பள்ளத்தூர் ஆயா:
எல்லாரும் நல்லா இருக்கணும். நேத்து ராத்திரி நானும் முகப்பில் பாய் போட்டுப் படுத்தேன். ரெண்டு மணி வரைக்கும் பேச்சில்லை. அப்புறம், "ஐயா இருமுற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும் ஆயா"ன்னான். சின்ன வயசிலேர்ந்து அவர் பக்கத்தில்தான் படுப்பான். எனக்குப் புருஷன் போனார்னு மட்டும்தான் நினைச்சிருந்தேன். அவனுக்கு யார் போனாங்கன்னு யோசிக்கவே இல்லை.

செவிலி அம்மா சொன்னதைக் கேட்டேன். சாகத் தோணலை, ஆனா எதுவுமே வேணாம்னு தோணுதுன்னான். விடிஞ்சதும் 14416க்குப் பேசினோம், வியாழக்கிழமை சிவகங்கை போறோம். மகள்கிட்ட சொல்லிட்டேன், அழுதாள், லீவு கேட்கிறாள். மாப்பிள்ளைக்கு அவளே பக்குவமாச் சொல்றேன்னிருக்கா. டி.சி. வேண்டாம்னு பள்ளியில் சொல்லிட்டேன், யோசிக்கிறோம்னாங்க.

வாத்தியார் சார், அந்தக் கடை மேல மனு எழுதணும். யார் பேருக்கு, எப்படித் தொடங்கணும்னு சொல்லுங்க. கையெழுத்து நான் போடறேன்.