புது டாய் ஹாலர்: குழாயைத் திறக்காமலே பம்ப் ஓடுகிறது, டேங்க் தானாக நிரம்புகிறது

தூசிப்பாதை:

எல்லோருக்கும் வணக்கம். பின்பக்கம் பைக் ஏற்றும் கராஜ் வைத்து, உள்ளேயே தங்குகிற டிரெய்லர், அதாவது டாய் ஹாலர், புதிதாக வாங்கி மூன்று வாரம் ஆகிறது. இரண்டு தடவை வெளியே போய்வந்தாகிவிட்டது. ஓட்டம், பிரேக், விளக்கு எதிலும் குறை சொல்ல முடியாது. தண்ணீர்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. நிஜமாகவே கெடுக்கிறது, ஏனென்றால் இரவில் பைக்கை வெளியே இறக்கிவிட்டு கராஜில் மேலிருந்து இறங்கும் கட்டிலில்தான் நாங்கள் படுக்கிறோம், பம்ப் இருப்பது அந்தக் கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால்.

பிரச்சினை மூன்று.

முதலாவது, டேங்கிலிருந்து தண்ணீர் எடுக்கும்போது எல்லாக் குழாயும் மூடியிருந்தாலும் எட்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பம்ப் "டர்ர்ர்" என்று இரண்டு விநாடி ஓடி நிற்கிறது. பகலில் கவனிக்கவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அது தலைக்குள்ளேயே ஓடுகிற மாதிரி இருக்கிறது.

இரண்டாவது, முகாமில் நடந்தது. அங்கே இருந்த குழாயில் ஹோஸ் மாட்டிவிட்டு பம்ப்பை அணைத்துவிட்டேன். டேங்கில் கால்வாசிதான் இருந்தது, நான் ஒரு சொட்டு கூட ஊற்றவில்லை. காலையில் எழுந்தால் வண்டிக்கு அடியில் குட்டை. பைப் உடைந்துவிட்டது என்று நினைத்து அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தேன், தண்ணீர் வந்தது டேங்கின் ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து! 100 கேலன் டேங்க் யாரும் ஊற்றாமல் முழுதாக நிரம்பியிருக்கிறது.

மூன்றாவது, வாட்டர் ஹீட்டரை ஒரு மணி நேரம் ஓடவிட்டும் குழாயில் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம், நாம் குளிக்க முடியாது.

சிங்குக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்துப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது. டீலரைக் கேட்டால் கொண்டுவாருங்கள், ஆனால் மூன்று வாரம் கழித்துத்தான் இடம் என்கிறார்கள். அதுவரை நானே கைவைக்கலாமா, வாரண்டி போய்விடுமா? இன்னொன்று, அன்றைக்குத் திரும்பி வரும்போது வண்டி பின்னால் கொஞ்சம் வாலை ஆட்டியது. காற்றாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ரெண்டுசக்கரம்:

இது கசிவுதான், வேறு ஒன்றும் இல்லை. பிரஷர் இறங்கினால்தான் பம்ப் தானாக ஓடும், பிரஷர் இறங்குகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. புது வண்டி என்று நம்பாதீர்கள், புது வண்டியில்தான் அதிகம் ஒழுகும். தொழிற்சாலையில் கையால் திருகிய பிளாஸ்டிக் நட்டுகள் முதல் நீண்ட பயணத்தின் குலுக்கலில் தளர்ந்துவிடும். எனக்குக் குளியலறை சிங்குக்கு அடியில் வளைந்த கழிவுக்குழாயின் நட் கழன்று, கீழ் டிராயரில் இருந்த துணி முழுக்க நனைந்தது, இரண்டு நாள் கழித்து நாற்றம் வந்தபிறகுதான் தெரிந்தது. டாய்லெட்டுக்குப் பின்னால் இருக்கிற இணைப்பு, அதன் பெடல் வால்வு, ஷவருக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கதவு, ஹீட்டரின் பின்பக்கம், எல்லாவற்றையும் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். அதுவரை தூங்கப்போகும்போது பம்ப்பை அணைத்துவிடுங்கள்.

பழையஸ்பேனர்:

ரெண்டுசக்கரம் சொன்னதில் பாதி சரி. பிரஷர் இறங்குகிறது என்றால் தண்ணீர் எங்கோ போகிறது. ஆனால் அது வெளியேதான் போக வேண்டும் என்று சட்டம் இல்லையே. தூசிப்பாதை நண்பரே, உங்கள் முதல் பிரச்சினையையும் இரண்டாவதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ராத்திரியில் லைனிலிருந்து தண்ணீர் காணாமல் போகிறது, ஹோஸ் மாட்டினால் டேங்கில் தண்ணீர் முளைக்கிறது. போன இடமும் வந்த இடமும் ஒன்றே. உங்கள் பம்ப் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி டேங்குக்குள் போகிறது.

இந்த 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப்புக்குள் ஒரு செக் வால்வு இருக்கிறது. தண்ணீரை ஒரு திசையில்தான் விட வேண்டும். அதில் ஒரு தூசி மாட்டினாலும் முழுதாக மூடாது. அப்போது பம்ப் ஏற்றிவைத்த பிரஷர் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடும், சுவிட்ச் அதைக் கண்டு பம்ப்பை மறுபடி ஓட்டும், இதுதான் உங்கள் "டர்ர்ர்". ஹோஸ் மாட்டியிருக்கும்போது வெளிக்குழாயின் பிரஷர் அதே ஓட்டை வழியாக ராத்திரி முழுக்க டேங்கை நிரப்பும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை இருக்கிறது, பலகையைத் திறந்தால் பத்து நிமிட வேலை. பம்ப்புக்குள் தண்ணீர் நுழைகிற பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், அதுதான் ஸ்ட்ரெய்னர். டேங்குக்கும் பம்ப்புக்கும் இடையில் வால்வு இருந்தால் அதை மூடுங்கள், இல்லையென்றால் முதலில் டேங்கை வடித்துவிடுங்கள், மறந்தால் அத்தனை தண்ணீரும் கராஜ் தரையில்தான். பம்ப்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து பிரஷரை விட்டு மூடிவிட்டு, அந்தக் கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள், ஸ்பேனர் வைத்தால் பிளாஸ்டிக் விரிந்துவிடும் (பெயரில் ஸ்பேனர் வைத்திருக்கிற நானே சொல்கிறேன்). இப்போது வெளி ஹோஸைத் திறந்துவிடுங்கள். பம்ப்பின் பக்கத்திலிருந்து அந்த வாய் வழியாகத் தண்ணீர் சொட்டினால் செக் வால்வுதான் குற்றவாளி. ஒரு சொட்டும் வராமல் டேங்க் மட்டும் ஏறினால் வேறு கதை: சில வண்டிகளில் ஹோஸ் மாட்டும் இடத்தில் ஒரே பெட்டிக்குள் கைப்பிடிகளைத் திருப்பி "டேங்க் நிரப்பு" என்று வைக்கிற ஏற்பாடு இருக்கும், அந்த வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம்.

கிண்ணத்தைக் கழற்றியதும் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். புது வண்டி என்றால் வெள்ளைப் பிளாஸ்டிக் சுருள்கள் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். டேங்கில் இணைப்புகளுக்குத் துளை போட்ட தூள் உள்ளேயே கிடந்து வரும், யாரும் அலசுவதில்லை. திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையம் நேராக உட்கார வேண்டும், கோணலாக இருந்தால் பம்ப் காற்றை இழுத்துக்கொண்டு நிற்காமல் ஓடும்.

வாரண்டி பற்றி: ஸ்ட்ரெய்னர் கழுவுவது வண்டிக்காரர் செய்ய வேண்டிய பராமரிப்புதான். பம்ப்பின் தலையில் இருக்கும் திருகுகளை மட்டும் டீலரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்துவையுங்கள்.

ஹீட்டருக்கு முதலில் ஒரு கேள்வி. மின்சாரத்தில் போட்டீர்களா? டேங்கை வடித்த பிறகு ஹீட்டர் காலியாக இருக்கையில் அந்த சுவிட்சைத் தவறியும் போட்டுவிடாதீர்கள், உள்ளே சூடாக்கும் எலிமெண்ட் உடனே கருகிவிடும். வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று துப்பாமல் ஒரே தாரையாகத் தண்ணீர் வந்த பிறகுதான் போட வேண்டும். பின்பக்கம் இருக்கிற பைபாஸ் வால்வு, அதாவது தண்ணீரை ஹீட்டருக்குள் விடாமல் சுற்றிவிடுகிற வால்வு, குளிர்கால நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது பாதி திறந்திருந்தாலே பச்சைத் தண்ணீர் வெந்நீரில் கலந்துவிடும்.

முகாம்வாசி:

வெதுவெதுப்புக்கு என் ஓட்டு வெளி ஷவருக்கு. வண்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவுக்குள் கைஷவர் இருக்கும், பைக்கையும் காலையும் கழுவ. அதில் சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர் இரண்டு திருகும் திறந்தே இருந்து, கைப்பிடியில் இருக்கிற பொத்தானால் மட்டும் நிறுத்தியிருந்தால், வெளியே ஒரு சொட்டு வராது. ஆனால் உள்ளே இரண்டு லைனும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டிருக்கும், பச்சைத் தண்ணீர் அந்த வழியாக வெந்நீர் லைனுக்குள் புகுந்துவிடும். வண்டியை ஒப்படைக்கும் நாளில் திறந்து காட்டிவிட்டு பொத்தானை மட்டும் அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். எங்களுக்கு இப்படி ஒரு கோடை முழுக்க ஓடியது, என் வீட்டுக்காரர் ஹீட்டரையே மாற்றப் பார்த்தார்.

அதைவிட, நீங்கள் போகிற போக்கில் சொன்ன வாலாட்டம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. டேங்க் உங்கள் வண்டியில் எங்கே இருக்கிறது? ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு. 100 கேலன் 834 பவுண்டு. அது கராஜுக்கு அடியில், சக்கரத்துக்குப் பின்னால் இருந்து, அதற்கு மேல் பைக்கும் நின்றால் பின்பக்கம் அழுத்தி முன்பக்கம் தூக்கும், கொக்கியில் உட்கார வேண்டிய எடை குறையும். இழுவை டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் வால் ஆடத்தான் செய்யும். காற்றின் மேல் பழி போடாதீர்கள் தம்பி. அன்றைக்கு அந்த நிரம்பிய டேங்கோடுதானே திரும்பி வந்தீர்கள்?

தூசிப்பாதை:

அக்கா, ஆமாம். முழு டேங்கோடுதான் வந்தேன். டேங்க் சக்கரத்துக்குப் பின்னால்தான். எழுதும்போது அது தலையில் ஏறவே இல்லை, இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

சரி, நேற்று முழுக்க வண்டிக்குள்தான் இருந்தேன். வரிசையாகச் சொல்கிறேன்.

டேங்கை வடித்துவிட்டுத்தான் தொடங்கினேன். ஸ்ட்ரெய்னரைக் கழற்றினால், பழையஸ்பேனர் அண்ணே, பந்தயம் உங்களுக்கே. கிண்ணத்தின் அடியில் தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக், ஒரு தேக்கரண்டி தேறும். அதுகூடப் பரவாயில்லை, உள்ளே இருக்கிற கம்பி வலை அதன் பள்ளத்தில் உட்காராமல் கோணலாக நின்றது. வலைக்கும் சுவருக்கும் நடுவில் நகம் நுழையும் அளவு இடைவெளி. ஆகத் துருவல் வலையைச் சுற்றிக்கொண்டு பம்ப்புக்குள் போயிருக்கிறது. வெளி ஹோஸைத் திறந்ததும் பம்ப் பக்கத்து வாயிலிருந்து தண்ணீர் மெல்லிய தாரையாக நிற்காமல் விழுந்தது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வலையை நேராக உட்காரவைத்து மாட்டி, டேங்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, எல்லாக் குழாயையும் முழுதாகத் திறந்து பம்ப்பை இரண்டு நிமிடம் ஓடவிட்டேன். சிங்குக் குழாயின் முனையில் இருக்கிற சல்லடையில் இன்னும் இரண்டு வெள்ளைச் சுருள் வந்து மாட்டின. மறுபடி கிண்ணத்தைக் கழற்றிச் சோதித்தேன், சொட்டவில்லை. பம்ப்பின் திருகு எதையும் தொடவில்லை.

ஹீட்டரின் பின்பக்கம் வெந்நீர் வெளியே வரும் பைப்பில் கைவைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. பைபாஸ் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் வெளி ஷவர்க் கதவைத் திறந்தால் இரண்டு திருகும் முழுதாகத் திறந்தே இருக்கின்றன! இரண்டையும் மூடினேன், பத்து நிமிடத்தில் சிங்கில் ஆவி பறந்தது. வீட்டில் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

ஆனால் ராத்திரி பம்ப் இன்னும் ஓடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இல்லை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. இதை விட்டுவிடலாமா?

ரெண்டுசக்கரம்:

விடாதீர்கள். இதுதான் என் கசிவு :) இப்போது நிஜமாகவே எங்கோ ஒழுகுகிறது. வெளி ஷவர்ப் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா? எல்லோரும் உள்ளேதான் தேடுவார்கள். ஹோஸ் மாட்டுகிற வாயையும் பாருங்கள், ஹோஸ் இல்லாமல் பம்ப் ஓடும்போது அங்கே சொட்டினால் அந்த வாயில் இருக்கும் செக் வால்வு மூடவில்லை என்று அர்த்தம்.

பழையஸ்பேனர்:

அவர் சொல்வது சரி. ஒழுகுகிற இடம் கிடைத்து அது பிளாஸ்டிக் நட் என்றால், டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள். அந்த நட்டுக்குள் கூம்பு வடிவ வாஷர் இருக்கிறது, அதுதான் அடைக்கிறது, டேப் போட்டால் வாஷர் சரியாக உட்காராது. கையால் இறுக்கி, மேலே ஒரு கால் சுற்று, அவ்வளவுதான். இன்னொன்று, வெளிக்குழாயில் ஹோஸ் மாட்டும்போது, வருகிற பிரஷரைக் குறைத்து விடுகிற பிரஷர் ரெகுலேட்டர் போடுகிறீர்களா? வண்டிப் பக்கத்தில் இல்லை, குழாய்ப் பக்கத்தில், அப்போதுதான் ஹோஸும் தப்பிக்கும். 45, 50 பி.எஸ்.ஐ. போதும். உங்கள் பம்ப்பே கிட்டத்தட்ட அந்த அளவில்தான் தானாக நிற்கும்.

தூசிப்பாதை:

கிடைத்துவிட்டது. வெளி ஷவர்ப் பெட்டிக்குப் பின்னால் பச்சைத் தண்ணீர் பைப் முழங்கை மாதிரி வளைகிற இணைப்பின் நட். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, டிஷ்யூவைச் சுற்றிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன், திரும்பி வந்தால் ஒரு ஓரம் மட்டும் நனைந்திருந்தது. விரலாலேயே அரைச் சுற்று போனது. நேற்று ராத்திரி பம்ப் ஒரு தடவை கூட ஓடவில்லை, நான்தான் ஓடுமோ ஓடுமோ என்று விழித்துக் கிடந்தேன். ரெகுலேட்டர் இல்லாமல்தான் இருந்தேன், வாங்கிவிட்டேன். டேங்கை இனிமேல் போய்ச் சேர்ந்த பிறகுதான் நிரப்புவதாக இருக்கிறேன். டீலரின் தேதியை ரத்து செய்யவில்லை, போட்டோக்களைக் காட்டி பம்ப்பை ஒருமுறை பார்க்கச் சொல்வேன்.

ஒரே ஒரு சின்னக் கேள்வி மிச்சம். டாய்லெட் டேங்கை முழுதாகக் காலி செய்தும் பலகையில் 2/3 என்று காட்டுகிறது. அதுவும் பழுதா?

முகாம்வாசி:

இல்லை தம்பி. உள்ளே சென்சார் மேல் காகிதம் ஒட்டியிருக்கும். வண்டி எனக்கு இது மூன்றாவது, மூன்றிலும் அந்த விளக்கு ஒருநாளும் உண்மை பேசியதில்லை. டாய்லெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.