கொலைகாரன் அகப்படாத படம்: நமக்கு வேண்டியது தண்டனையா, பதிலா?

பாம்பன் மகள்:
‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ கொரியப் படத்தை நேற்று மூன்றாம் முறை பார்த்தேன். போங் ஜூன் ஹோ 2003இல் எடுத்தது. கொலைகாரனைத் தேடித் தோற்று, போலீஸ் வேலையை விட்டுவிட்ட அதன் நாயகன், 1986இல் பிணம் கிடந்த வாய்க்காலைப் பதினேழு ஆண்டு கழித்து மறுபடி குனிந்து பார்க்கிறார்.

அந்தக் குனிதலை நான் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவள். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அப்பா வல்லத்தில் கடலுக்குப் போனார், திரும்பவில்லை. அன்றிலிருந்து அம்மா கரையொதுங்கும் மிதவைகளைப் புரட்டிப் பார்க்கிறார். ஏழு ஆண்டு தகவலே இல்லையென்றால் இறந்தவராகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. சான்றிதழ் வாங்கினோம். அது அரிசிப் பானைக்கு அடியில் கிடக்கிறது. தாலியை அம்மா கழற்றவில்லை.

இப்படிப்பட்ட படங்களில் நம்மைப் பிடித்து வைப்பது நீதியா, என்ன நடந்தது என்று தெரியாத தவிப்பா?

கீழக்கரை வக்கீல்:
தங்கச்சி, அந்தப் படத்துக்கு அடிப்படையான நிஜ வழக்கில், கொரியாவின் ஹ்வாசோங் தொடர்கொலை வழக்கில், பதில் கிடைத்துவிட்டது. 2019இல் மரபணுச் சோதனை ஆளைக் காட்டியது. மனைவியின் தங்கையைக் கொன்றதற்காக அவன் ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் இருந்தான். ஆனால் அங்கே கொலைக்கு அன்று 15 ஆண்டுக் காலவரம்பு, 2006இலேயே முடிந்துவிட்டது. வழக்கே போட முடியவில்லை. நம் நாட்டில் கொலைக்குக் காலவரம்பு இல்லை. அந்தக் குடும்பங்களுக்குப் பெயர் மட்டும் கிடைத்தது. அது போதுமா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

தொண்டி வாத்தியார்:
அந்தத் தொடரின் எட்டாவது கொலையை ஏன் யாரும் பேசுவதில்லை? செய்யாத குற்றத்துக்கு ஒருவர் சுமார் 20 ஆண்டு சிறையில் இருந்தார். அடித்துத் தூங்கவிடாமல் வாங்கிய வாக்குமூலம். அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் 2020இல்தான் சொன்னது. படத்திலும் போலீசார் அப்பாவி ஒருவனை உதைக்கிறார்கள். அவர்களுடைய வெறியை நாம் கடமையுணர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அது பொறுக்கவில்லை.

பாம்பன் மகள்:
ஐயா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுத வரவில்லை. அப்பாவோடு போனவர்களில் ஒருவர் மட்டும் நீந்திக் கரையேறினார். “எதையோ மறைக்கிறான்” என்று ஊர் பேசியது. சித்தப்பா அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியபோது நான் திண்ணையில் நின்றேன். “அலை அடித்தது, அவ்வளவுதான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு மாதத்தில் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனார்.

உங்கள் தொண்டிப் பக்கம்தான் வலை தைத்துப் பிழைக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.