மறு: ‘சர்க்காடியன் ரிதம்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுமத்தார்க்கு வணக்கம். இளநிலை விலங்கியல் பாடமொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிராண்டைஸ் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர் மைக்கேல் ராஸ்பாஷ், ஜெஃப்ரி ஹாலுடன் சேர்ந்து பழ ஈயில் செய்த ஆய்வைப் பற்றிய பாடம் அது. 2017இல் மைக்கேல் யங்குடன் இவர்களுக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த ஆய்வு. மற்றவற்றுக்கெல்லாம் சொல் கிடைத்துவிட்டது, தலைப்பில் வரும் ‘சர்க்காடியன் ரிதம்’ (உயிர்களின் உடலுக்குள் ஏறத்தாழ நாளுக்கு ஒருமுறை சுழன்று வரும் ஒழுங்கு) மட்டும் நிற்கிறது. பழைய கையேட்டில் உள்ள ‘பகலிரவுச் சுழற்சி’யையே வைத்துக்கொள்ளலாமா?

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

அருள்கூர்ந்து வேண்டாம். பகலும் இரவும் மாறி வருவது பூமியின் சுழற்சி. நாம் பெயர் வைக்கப்போவது உயிருக்குள்ளே ஓடுவதற்கு. 1729இல் பிரெஞ்சு அறிஞர் தெ மெய்ரான் தொட்டாச்சிணுங்கியை இருட்டில் வைத்த பிறகும் அதன் இலைகள் உரிய வேளையில் விரிந்து மூடின. 1971இல் கொனோப்கா, பென்சர் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்த பழ ஈக்களில் ஒரு வகைக்கு ஒரு சுற்று 19 மணி நேரம், இன்னொரு வகைக்கு 28 மணி நேரம், மூன்றாவதற்கு ஒழுங்கே இல்லை. மூன்றிலும் பழுதுபட்டிருந்தது ‘பீரியட்’ என்ற ஒரே மரபணு. அந்த மரபணுவின் தூது ஆர்என்ஏ (புரதம் உண்டாக்க மரபணுவின் செய்தியைக் கொண்டு செல்லும் மூலக்கூறு) அளவில் ஏறி இறங்குவதைக் கண்டு, 1990இல் ராஸ்பாஷ் குழு பின்னூட்ட வளையம் என்ற விளக்கத்தை முன்வைத்தது. தூது ஆர்என்ஏ உச்சத்தை எட்டிச் சில மணி நேரம் கழிந்துதான் அம்மரபணு உண்டாக்கும் ‘பெர்’ புரதம் மிகுதியாகச் சேர்கிறது. சேர்ந்த புரதம் உட்கருவுக்குள் நுழைந்து, தன்னை உண்டாக்கிய மரபணுவையே அடக்குகிறது. அது சிதைந்து தீர்ந்ததும் மரபணு மறுபடி வேலையைத் தொடங்குகிறது. இந்த வளையத்தில் பகலும் இல்லை, இரவும் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன், கடிகாரமும் வெயிலும் எட்டாத தனியறையில் மனிதர்களைத் தங்கவைத்து ஆராய்ந்ததும் இந்த உள்ளோட்டத்தை அறியத்தான்.

தமிழாசிரியர் ஐயா எழுதியது:

அம்மா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் வேர்ச்சொல்லைப் பார்க்காமல் சொல்லாக்கம் கூடாது. ‘எல்’ என்றால் ஒளி, ஞாயிறு, பகல். ‘எல்லி’ என்றால் இரவு. தொல்காப்பியம் நெய்தலுக்கு உரிமையாக்கும் சிறுபொழுதான எற்பாட்டில் நிற்பதும் இந்த எல்தான். அதன் ‘பாடு’ ஞாயிற்றின் மறைவா தோற்றமா என்ற வழக்கு தனியே கிடக்கிறது. பகலையும் இரவையும் ஓரசையில் அடக்கும் வேர் கையில் இருக்க, வேறு தேடுவானேன்? ரிதத்துக்கு லயமும் வேண்டாம், சந்தமும் வேண்டாம், இரண்டும் வடசொற்கள். யாப்பில் ‘சீர்’ இருக்கிறது. ‘எற்சீர்’ என்பது என் பரிந்துரை.

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, ‘எல்’ என்பதை விளக்கவே எனக்கு ஒரு வகுப்பு போய்விடும். சீர் என்றதும் மாணவர் மனத்தில் சீர்வரிசைதான் எழும். லயம் அவர்கள் காதில் விழுந்து பழகிய சொல். மேலும், 1959இல் ஆய்வாளர் ஹால்பெர்க் லத்தீனிலிருந்து அமைத்த ‘சர்க்காடியன்’ என்ற சொல்லுக்கு ‘ஏறத்தாழ ஒரு நாள்’ என்று பொருள். அந்த ‘ஏறத்தாழ’வை விட்டுவிட்டால் 19 மணி ஈயை எங்கே வைப்பது?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

‘பத்து மணியை ஒட்டி வருகிறேன்’ என்று நாம் சொல்வதில்லையா? அந்த ‘ஒட்டி’யைக் கொண்டு ‘நாளொட்டிய லயம்’ என்று வைத்தால் என்ன? இருட்டில் தானாக ஓடும்போது அது 24 மணி நேரத்தை ஒட்டி ஓடுகிறது. ஒளி பட்டால் அந்தக் கடிகாரத்தின் இன்னொரு புரதமான ‘டைம்லெஸ்’ சிதைய, ஈயின் உள்கடிகாரம் வெளியுலக நாளோடு ஒட்டிக்கொள்கிறது. அச்சொல் இரண்டுக்கும் இடங்கொடுக்கிறது.

விலங்கியல் ஆசிரியை எழுதியது:

சற்று நீளந்தான், ஆயினும் வகுப்பில் நிற்கும். எனக்கு உடன்பாடு. தனிமடலில் எழுதிய இருவரும் இதையே ஏற்கிறார்கள்.

தமிழாசிரியர் ஐயா எழுதியது:

பாடம் அச்சேற வேண்டும் என்பதால் தடுக்கவில்லை; ‘நாளொட்டிய’ நல்ல தமிழ், அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் லயம் என்பதற்கு ஒடுக்கம், அழிவு என்ற பொருளும் உண்டு. உயிரின் இயக்கத்துக்கு அச்சொல்லை இட எனக்கு ஒப்புதல் இல்லை. அடுத்த பதிப்பில் ‘நாளொட்டிய சீர்’ என்பதை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற என் மறுப்பு இவ்விழையில் பதிவாகட்டும்.