முதலில் பேவர் பிளாக்கா, வடிகாலா? நகராட்சிக் காசை எதில் போடுவது

தெருமுனை:
நகராட்சிக் கூட்டப்பொருளைப் புரட்டினால் "பேவர் பிளாக் (தெருவில் பாவும் கான்கிரீட் கல்) பதித்தல்" என்று வரிசையாக வரும், வடிகாலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கல்லைப் பதித்துவிட்டு மறு வருஷமே குடிநீர்க் குழாய்க்குத் தோண்டுவது யார் வீட்டுக் காசு? குழாயும் வடிகாலும் முடியாத தெருவில் பேவர் தீர்மானமே வரக்கூடாது என்பது என் வாதம்.

கல்தச்சன்:
தோண்ட வசதியாக இருக்கத்தானே சார் பேவர்? சிமென்ட் ரோட்டை அறுத்தால் ஒட்டுப்போட்ட தழும்பு போகவே போகாது. கல்லைப் பெயர்த்து ஓரமாக அடுக்கி, குழாய் போட்டு, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். 3 மீட்டர் சந்தில் கலவை லாரி நுழையாது, பேவரோ கையாலேயே முடிகிற வேலை. கான்கிரீட் என்றால் இரண்டு வாரமாவது தண்ணீர் ஊற்றிக் காத்துக் கிடக்கணும்.

தெருமுனை:
திரும்பப் பதிப்பது எஸ்டிமேட்டில் மட்டும்தான் ஒழுங்காக நடக்கிறது. பள்ளத்தை 20 செ.மீ. அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வொன்றையும் நனைத்து இடித்தால்தான் மண் நிற்கும். நடப்பது வேறு: தோண்டிய மண்ணையே மொத்தமாகத் தள்ளி, மேலே நாலு கூடை எம்-சாண்ட் (கல்லுடைத்த மணல்), அதன்மேல் கல். முதல் மழையிலேயே குழாய் போன கோடு பள்ளமாகத் தெரியும்.

கல்தச்சன்:
அது மேற்பார்வையின் குறை, கல்லைப் பழிக்காதீர்கள். பேவருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15658 படி லேசான போக்குவரத்துக்கு 60 மி.மீ. கனம், எம்-35 வலுத்தரக் கல் போதும். குப்பை லாரியும் தண்ணீர் லாரியும் வருகிற தெருவுக்கு 80 மி.மீ., எம்-40 கேளுங்கள். அடிமணல் 30 மி.மீ. சுமாருக்கு இருக்கணும். கீழே ஜல்லித் தளம் மேடுபள்ளமாக இருந்தால் மணலை 8, 10 செ.மீ. கொட்டிச் சமன் செய்வார்கள், அங்கேதான் சக்கரத் தடம் விழும். ஓரக்கல் இல்லாவிட்டால் கல் பக்கவாட்டில் நகர்ந்து இடுக்கு விரியும்.

மட்டக்கோல்:
இன்னொன்று. பழைய தார் ரோட்டின் மேலேயே பதித்தால் கல் 60, மணல் 30, ஆக 9 செ.மீ. ஏறிவிடும், வாசற்படி தாழ்ந்து மழைத்தண்ணி வீட்டுக்குள். பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டே ரோடு போடணும் என்று 2021 மே மாதமே தமிழகத் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டாயிற்று.

வடிகால் கேட்பவர்களுக்கும் ஒரு கணக்கு. வீடுகளும் தெருவுமாக 200 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் என்று வையுங்கள். மணிக்கு 50 மி.மீ. மழை பெய்து அதில் 80% ஓடிவந்தால் நொடிக்கு 67 லிட்டர். சரிவு 300க்கு 1 (300 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம்) இருந்தால், 30 செ.மீ. அகல வடிகால் 25 செ.மீ. ஆழத்தில் ஓடும்போது 60 லிட்டர்தான் கடத்தும். 45 செ.மீ. அகலத்தில் 35 செ.மீ. ஆழம் ஓடினால் 160 லிட்டர் போகும். சரிவு 1000க்கு 1 ஆகிவிட்டாலோ அந்த 30 செ.மீ. வடிகாலில் வேகம் நொடிக்கு 0.43 மீட்டர். 0.6க்குக் கீழே போனால் மண் தங்கும், பிறகு அது கொசுத்தொட்டி. லெவல் எடுக்காமல், அதாவது உயர மட்டத்தை அளக்காமல், கட்டும் வடிகாலுக்குப் பேவரே மேல்!

கணக்குப்பிள்ளை:
எல்லாம் ஒரே பையிலிருந்து வருவதாக நினைத்துச் சண்டை போடுகிறீர்கள். 2021-26க்கான 15வது மத்திய நிதிக்குழு மானியத்தில், 10 லட்சத்துக்குக் கீழ் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு 60% கட்டுண்ட பணமாக, அதாவது சொன்ன வேலைக்கே செலவழிக்க வேண்டியதாக, இருந்தது: பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு வகைக்கு, மீதிப் பாதி துப்புரவு, குப்பை வகைக்கு. அதை எடுத்துத் தெருவில் கல் பதிக்க முடியாதபடி இருந்தது. மற்ற 40% மன்றத்தின் விருப்பத்துக்கு விட்டது, ஆனால் சம்பளத்துக்குத் தொடக்கூடாது என்றிருந்தது. சொந்த வருமானத்தில் பெரியது சொத்து வரி. 2022இல் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25% என்று தொடங்கி 1,800க்கு மேல் 100% வரை உயர்த்தினார்கள். அதுவும் சம்பளம், தெருவிளக்குக் கரண்ட் பில், குடிநீர் வாரியத்துக்குக் கட்டும் பணம் எல்லாம் போகத்தான் மிச்சம். உங்கள் வழக்கு அந்த மிச்சத்தையும், மன்றத்தின் விருப்பத்துக்கு விடும் மானியத்தையும் பற்றியது மட்டும்.

தெருமுனை:
மிச்சம் கொஞ்சம்தான் என்றால் வடிகாலுக்கே முதல் உரிமை.

கல்தச்சன்:
ஒரு தெருவுக்கு இருபுறமும் மூடி போட்ட வடிகால் கட்டும் காசில் பல சந்துகளுக்குக் கல் பாவிவிடலாம். வார்டுக்கு ஒரு வேலையாவது காட்டாமல் எந்தக் கவுன்சிலர் கை தூக்குவார்?

மட்டக்கோல்:
வார்டுக்கு ஒன்று என்று வெட்டுவதில்தான் வடிகால் செத்தது. 2 கோடி வரையிலான டெண்டருக்கு 15 நாள் அவகாசம் போதும், அதைத் தாண்டினால் 30 நாள். அதனால் வேலையை 2 கோடிக்குள் துண்டு போடுவதில் எல்லோருக்கும் சௌகரியம். மேட்டு வார்டில் கட்டி முடித்து பில் பாஸ் ஆகிவிடும், தண்ணி விழவேண்டிய ஓடைப் பக்கத் துண்டுக்கு டெண்டரே வராது. வடிகாலைக் கடைவாயிலிருந்து, அதாவது தண்ணி வெளியே விழும் முனையிலிருந்து, மேல்நோக்கித்தான் கட்டணும்.

தெருமுனை:
சரி, பேவர் தீர்மானத்திலேயே இரண்டு நிபந்தனை எழுதட்டும்: வீட்டு இணைப்பு முடிந்து குழாயில் அழுத்தச் சோதனை பார்த்ததற்கு எம்-புக்கில் (வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) பதிவு, ரோடு மட்டம் ஏறாது என்பதற்கு முன்னும் பின்னும் லெவல். அப்படியென்றால் நான் எதிர்க்கவில்லை.

கல்தச்சன்:
லெவலுக்குச் சம்மதம். இணைப்பு முடியட்டும் என்றால் டெபாசிட் கட்டாத நாலு வீட்டுக்காக மொத்தத் தெருவும் சேற்றில் நிற்கணுமா?

கணக்குப்பிள்ளை:
அந்த நாலு வீட்டு வாசல் வரை குழாயை இழுத்து மூடி வைக்கலாம். பிறகு கல்லைத் தொடவேண்டியதில்லை. அந்தச் செலவு குடிநீர்க் கணக்கில் போகும்.

கல்தச்சன்:
அது முடிகிற காரியம்.