ஒயிட் ரம் + பழ லிக்யூர், ஷேக் பண்ணாம கலக்கி எடுக்கிற ட்ரிங்க்: உங்க அனுபவம் சொல்லுங்க

ஒயிட் ரம்னாலே முக்காவாசி பேரு லைம், சர்க்கரை, ஷேக்கர்னு போயிடுறாங்க, அது நல்ல ரூட்டுதான், ஆனா ஜூஸே சேர்க்காம ரம், வெர்மூத் (மூலிகை வாசம் ஏத்துன ஒயின்), பழ லிக்யூர் (பழ வாசத்தோட இனிப்பா இருக்கிற சரக்கு) மட்டும் ஐஸோட கலக்கி எடுக்கிற ட்ரிங்க்கை யாரும் கண்டுக்கிறதே இல்லங்கிறது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம். அதான் இந்தத் திரி.

இந்த வகைல பேர் போனது கியூபாவோட எல் பிரெசிடென்டே. 1913லேர்ந்து 1921 வரை அங்க பிரசிடென்டா இருந்த மெனோகால் பேர்ல வந்துச்சுன்னு பரவலா சொல்றாங்க. ரம், வெர்மூத், ஆரஞ்சு க்யூரசாவ் (ஆரஞ்சுத் தோல் வாசத்துல வர்ற லிக்யூர்), துளியூண்டு கிரெனடின் (மாதுளை சிரப்), அவ்ளோதான். நான் கிரெனடினை விட்டுட்டு மராஸ்கினோங்கிற செர்ரி லிக்யூர் சேர்ப்பேன். ரம் 50 மிலி, ட்ரை (இனிப்பு கம்மியான) வெர்மூத் 25, க்யூரசாவ் 10, மராஸ்கினோ 5.

மராஸ்கினோன்னதும் செவப்பா, செர்ரி சிரப் மாதிரி இருக்கும்னு நெனச்சிராதீங்க. தண்ணி கலர்ல இருக்கும், செர்ரிக் கொட்டையையும் சேர்த்து ஊறவெச்சு வடிக்கிறதால பாதாம் வாசம் தூக்கலா வரும். 5 மிலிக்கு மேல போனா ரம் எங்க இருக்குன்னே தெரியாது, அவ்ளோ வாசம் தூக்குற சரக்கு.

கலக்குறதுதான் இதுல மெயின் மேட்டர். லிக்யூர்ல சர்க்கரை ஜாஸ்தி, அதனால கனம், ஊத்துன உடனே அடில போய் உக்காந்துக்கும். கண்ணாடி ஜார்ல வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாத்தா நெளிநெளியா எண்ணெய்க் கோடு மாதிரி ஓடும். ஸ்பூனோட முதுகு ஜார் சுவத்தை ஒட்டியே சுத்தணும், சத்தம் வரக்கூடாது, கொஞ்ச நேரத்துல அந்தக் கோடெல்லாம் மறைஞ்சிடும், ஆனா அதோட நிறுத்திடாதீங்க, அப்ப கலந்திருக்கும், இன்னும் ஜில்லாகியிருக்காது. மொத்தமா ஒரு 30 செகண்டாவது சுத்துங்க. ஐஸ் பெருசா, கெட்டியா, ஃப்ரீசர்லேர்ந்து அப்பதான் எடுத்ததா இருக்கணும், ஈரமான ஐஸ்னா ஆரம்பத்துலயே தண்ணி விட்டுடும்.

ஷேக் பண்ணா என்னன்னு கேப்பீங்க. காத்துக் குமிழி ஏறி கலங்கிடும், வாய்க்குள்ள வழுவழுன்னு போற அந்தக் கனம் போயிடும். ஜூஸ் இருந்தா ஷேக்தான் சரி, இதுல இல்லையே.

இன்னொன்னு, ஐஸ் போடுறதுக்கு முன்னாடி டேஸ்ட் பண்ணி முடிவெடுக்காதீங்க, அப்ப திகட்டத்தான் செய்யும். ஜில்லானா இனிப்பு அடங்கிடும், உருகுன தண்ணியும் அளவுல சேர்ந்ததுதான். நடுவுல ஸ்ட்ரால ஒரு சொட்டு எடுத்து நாக்குல வெச்சுப் பாருங்க, ஆல்கஹால் காரம் மட்டுப்பட்டு ஆரஞ்சு வாசம் மேல வர்ற நேரம் ஒன்னு வரும், அங்க வடிகட்டிடணும்.

— — —

பதில் 1: சூப்பர் பாஸ். எங்கிட்ட மராஸ்கினோ இல்ல, பீச் லிக்யூர் போட்டேன், வாசம் அள்ளுச்சு ஆனா குடிச்சா சப்புன்னு ஒரே இனிப்பு. ஆரஞ்சு பிட்டர்ஸ் (சொட்டு சொட்டா விடுற கசப்புச் சாறு) ரெண்டு சொட்டு விட்டப்புறம்தான் நிமிந்துச்சு. ஒருவேளை பீச்சுல ஆல்கஹால் கம்மிங்கிறதாலயா?

— — —

பதில் 2: ஆமாங்க, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். பீச் லிக்யூர் நெறய 20% பக்கம்தான் இருக்கும், க்வான்ட்ரோ மாதிரி ஆரஞ்சு லிக்யூர்னா 40%, ரம்முக்கு சரிசமமா நிக்கும். நான் பீச் போட்டா வெர்மூத்தை 30 ஆக்கிட்டு க்யூரசாவைக் கொறச்சுப்பேன். கடைசில ஆரஞ்சுத் தோல் ஒரு சீவல், கிளாஸ் மேல முறுக்கிப் புழிங்க, அந்த எண்ணெய் பொட்டுப்பொட்டா மேல மிதக்கும், மொத வாய்க்கு முன்னாடியே மூக்குக்குப் போயிடும். அப்புறம் வெர்மூத் பாட்டிலைத் திறந்தா ஃப்ரிட்ஜ்ல வைங்க ப்ளீஸ், அது ஒயின், வெளிய கெடந்தா ஒரு மாசத்துல வாசமே செத்துடும்.