ஸ்காட்ஸ் பேசுவோர்: எந்தக் கணக்கை நம்புவது?

குமரேசன்_நெல்லை:
ஸ்காட்லாந்தில் ஸ்காட்ஸ் (ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுள்ள மொழி) பேசுவோர் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15,08,540 பேர். 2011இல் 15.4 லட்சம். இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே எண்தான். அப்புறம் ஏன் 'எண்ணவே முடியாத மொழி' என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள்?

மீனா_அபர்டீன்:
சார், புரியுமா, பேசுவீர்களா, படிப்பீர்களா, எழுதுவீர்களா என்று கேட்டார்கள், அவ்வளவுதான். எவ்வளவு பேசினால் 'பேசுவீர்கள்' என்று யார் முடிவு செய்வது? என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் பீட்டர்ஹெட்காரர், அது வடகிழக்குக் கடற்கரை ஊர். காலையில் பார்த்ததும் "ஃபிட் லைக்?" என்பார், சௌக்கியமா என்று அர்த்தம். அவர் அம்மாவோடு போனில் பேசினால் எனக்குப் பாதி விளங்காது. படிவத்தில் அவர் டிக் அடித்தது ஆங்கிலத்துக்கு மட்டும். ஏன் என்றால், "நான் பேசுவது டோரிக், அதெல்லாம் ஒரு மொழியா?" என்று சிரிக்கிறார். டோரிக் என்பது வடகிழக்கு வட்டார ஸ்காட்ஸ்தான்!

2010இல் ஸ்காட்லாந்து அரசு நடத்திய கருத்துக்கணிப்பில் 64 சதவீதம் பேர் இதைத் தனி மொழியாகவே நினைக்கவில்லை. அதே கணிப்பில் 85 சதவீதம் பேர் ஓரளவாவது ஸ்காட்ஸ் பேசுவதாகச் சொன்னார்கள்.

குமரேசன்_நெல்லை:
அந்த 85இல் எப்போதாவது நாலு வார்த்தை பேசுகிறவரும் சேர்த்தி. அப்படிப் பார்த்தால் நாடே ஸ்காட்ஸ் பேசுகிறது! 2011இல் 'ஆய் கேன்' என்று இணையதளமே வைத்து, ஒலிப்பதிவு போட்டு, உங்கள் பேச்சு இதுவா பாருங்கள் என்றார்களே. அதற்குப் பிறகும் டிக் அடிக்காதவரை வம்படியாகச் சேர்க்கவா முடியும்?

தெருவோரவாசகன்:
நம் நாட்டில் வம்படியாகத்தானே சேர்க்கிறார்கள். 2011இல் தாய்மொழி போஜ்புரி என்று தெளிவாகச் சொன்ன 5 கோடிப் பேரும் இந்திக் கணக்கில். (திரி திசைமாறினால் மன்னிக்கவும்.)

மீனா_அபர்டீன்:
திசைமாறவில்லை, ஸ்காட்லாந்தில் ஆளே தயங்குகிறார், இந்தியாவில் சொன்னாலும் எடுபடவில்லை.

குமரேசன் சார், பேசுவோர் எண் அசையவில்லை, சரி. ஆனால் பேச்சோ எழுத்தோ புரிதலோ, ஏதாவது ஒன்றாவது தெரியும் என்றவர்கள் 2011இல் 19 லட்சம், 2022இல் 24 லட்சம். பதினோரு வருடத்தில் 5 லட்சம் பேர் உட்கார்ந்து ஸ்காட்ஸ் படித்தார்களா என்ன? முன்பு சொல்லக் கூச்சப்பட்டவர்கள் இப்போது சொல்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1990களிலேயே பதிவுத்துறை ஆய்வு 15 லட்சம் என்றது, அபர்டீன் பல்கலைக்கழகத்தார் 27 லட்சம் என்றார்கள். கேட்கிற விதம் மாறினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

குமரேசன்_நெல்லை:
இருக்கட்டும். 2025இல் ஸ்காட்ஸுக்கும், ஸ்காட்லாந்தின் இன்னொரு மொழியான கேலிக்குக்கும் அதிகாரபூர்வ அந்தஸ்து தரும் சட்டம் நிறைவேறியிருக்கிறது. எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று கேட்டால், 'கூச்சம் போனால் தெரியும்' என்றா பதில் எழுதுவது? குறையுள்ள எண்ணானாலும் எண் வேண்டும்.

மீனா_அபர்டீன்:
வேண்டாம் என்று யார் சொன்னது? இன்னொரு கேள்வியும் சேர்க்கச் சொல்கிறேன். அயர்லாந்தில் 'ஐரிஷ் தெரியுமா' என்பதோடு 'எவ்வளவு அடிக்கடி பேசுகிறீர்கள்' என்றும் கேட்கிறார்கள். 2022இல் தெரியும் என்றவர்கள் 18.7 லட்சம். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுவோர் சுமார் 72 ஆயிரம். எது எதற்கான எண் என்று அங்கே குழப்பமில்லை.

குமரேசன்_நெல்லை:
உங்கள் பீட்டர்ஹெட் நண்பர் முதல் கேள்விக்கே டிக் அடிக்கவில்லை. இரண்டாவது கேள்வி அவரிடம் போய்ச் சேருமா?